பலகையுடன் கூடிய வியர்வை அளவி

அளவுக் கருவிகள் முத்திரைத் துறையின் விதி நாற்பத்தொன்று என்ன சொல்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே படித்தால் எங்களைப் பைத்தியக்காரர்கள் என்று நினைப்பீர்கள். தெரிந்துகொண்டு படித்தாலும் அப்படித்தான் நினைப்பீர்கள், ஆனால் விதிப்படி நினைப்பீர்கள்.

"அளக்கும் கருவி எதுவாயினும், அது நேராக நிற்றல் வேண்டும், எவ்விடத்தும் வளைதல் கூடாது, மேசைமீது வைத்துச் சுத்தியலால் மும்முறை அடித்து முத்திரையிடத் தக்கதாய் இருத்தல் வேண்டும்."

அந்தச் சுத்தியல் என்னிடம்தான் இருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறது. எடைக்கல், தராசு, படி, முழக்கோல் என்று எது வந்தாலும் மூன்று அடி. முதல் அடி முத்திரை பதிவதற்கு. இரண்டாவது அடி, பதிந்தது கண்ணுக்குத் தெரிவதற்கு. மூன்றாவது எதற்கு என்று எனக்கு முன்னால் இருந்தவருக்கும் தெரியாது. அவருக்கும் முன்னால் இருந்தவரைக் கேட்க இப்போது வழியில்லை. கண்ணாடி வெப்பமானியை எப்படி அடிப்பீர்கள் என்று சிலர் புத்திசாலித்தனமாகக் கேட்பார்கள். அதன் பெட்டியை அடிப்போம்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த அலுவலகத்துக்கு ஒருநாள் காலையில் அக்காளும் தங்கையுமாக இரண்டு பெண்கள் வந்தார்கள். தங்கை ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவள். மூக்குக்கண்ணாடி, தோளில் பை, தூக்கம் போதாத கண்கள். அக்கா நகரப் பேருந்து ஓட்டுநர். காக்கிச் சட்டை போட்டிருந்தார், ஆனால் அதில் ஓட்டுநர் வில்லை இல்லை. வில்லை குத்தியிருந்த இடத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள் மட்டும் இருந்தன.

தங்கை ஒரு தபால் உறையை என் மேசைமீது வைத்தாள். பிரித்துப் பார்த்தேன்.

"உள்ள ஒண்ணும் இல்லையேம்மா."

"இருக்கு சார். மூச்சு விடாம பாருங்க, பறந்துடும்."

மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். இருந்தது. வெங்காயத்தின் உள்தோல் போல ஒரு துண்டு, தபால்தலை அளவு, இளஞ்சிவப்பு நிறம். மணிக்கட்டில் ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். கை மடங்கினால் அதுவும் மடங்கும், நிமிர்ந்தால் நிமிரும். தலைமுடியின் பருமனை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு எவ்வளவோ, அந்த அளவுக்குத் தங்கத் துகள்களை அதற்குள் தூவியிருக்கிறாளாம். உடம்பில் சர்க்கரை சரியாக இருந்தால் வியர்வை பட்டும் சிவப்பாகவே இருக்கும். சர்க்கரை இறங்க ஆரம்பித்தால், ஆளுக்குத் தலை சுற்றுவதற்குக் கால் மணி நேரம் முன்னாலேயே நீலமாகிவிடும்.

"ஊசி குத்த வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம், கண்ணால பார்த்தா போதும்," என்றாள் தங்கை.

எனக்கும் எட்டு வருஷமாகச் சர்க்கரை. மாத்திரை போடுகிறேன். அதனால் நல்ல விஷயம்தானே என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். அலுவலக நேரத்தில் மனசுக்குள் நினைக்க விதி இடம் கொடுக்கிறது.

அக்காவின் கதை இவ்வளவுதான். பதினோரு வருஷம் விபத்தில்லாமல் வண்டி ஓட்டியவர். போன வருஷம் ஒருநாள் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே சர்க்கரை இறங்கிவிட்டது. கை நடுங்குவது தெரிந்ததும் வண்டியை ஓரங்கட்டி, கைப்பிரேக் போட்டு, சாவியைத் திருப்பி, கதவைத் திறந்துவிட்டு, அதன் பிறகுதான் மயங்கினார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனாலும் பணிமனையில் வில்லையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, தொலைந்த பொருள் பிரிவில் உட்கார வைத்துவிட்டார்கள். பயணிகள் மறந்துவிட்டுப் போகும் குடைகளுக்கு அவர் காவல். முன்கூட்டியே எச்சரிக்கும் முத்திரையிட்ட கருவி ஒன்றை முப்பது நாளுக்குள் கொண்டுவந்தால் மறுபடி வண்டி கிடைக்கும், இல்லாவிட்டால் கடைசிவரை குடைதான் என்று பணிமனை மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். அதில் பத்து நாள் எங்கள் அலுவலகம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதிலேயே போய்விட்டது.

"குடைங்களோட என்ன பேசறது சொல்லுங்க," என்றார் அக்கா.

இரண்டு பேரையும் அதிகாரியிடம் அழைத்துப் போனேன். எங்கள் அதிகாரிக்கு 'பார்வைக்கு' என்று பெயர். எந்தக் காகிதம் வந்தாலும் அதன் தலையில் 'பார்வைக்கு' என்று எழுதி இன்னொருவருக்குத் தள்ளிவிடுவார், அதனால் வந்த பெயர். நல்ல மனிதர். கோபப்பட மாட்டார். கோபப்படுவதற்கும் மேலிடத்து அனுமதி தேவை என்று நம்புகிறவர்.

படிவத்தை எடுத்தார்.

"நீளம்?"

"ரெண்டு சென்டிமீட்டர் சார்."

"அகலம்?"

"அதுவும் ரெண்டு."

"தடிமன்?"

தங்கை ஒரு எண்ணைச் சொன்னாள். புள்ளிக்குப் பிறகு நிறையப் பூஜ்யம். படிவத்தில் புள்ளிக்குப் பிறகு இரண்டு கட்டம்தான் இருந்தது. அதிகாரி இரண்டிலும் பூஜ்யம் போட்டார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு வருத்தத்தோடு பார்த்தார்.

"தடிமன் பூஜ்யம்னு வருதேம்மா. தடிமன் இல்லாத பொருள் எப்படி இருக்க முடியும்?"

"இதோ உங்க மேசை மேலேயே இருக்கே சார்."

"இருக்குன்னு நீங்க சொல்றீங்க. படிவம் இல்லைங்குது."

நான்கு பேரும் இல்லாத பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எப்படியும் ஒரு முடிவு எடுக்க வேண்டுமே என்று அவர் பூஜ்யத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

"நிறம் மாறுதுன்னு எழுதியிருக்கீங்க. சிவப்பு நல்லது, நீலம் ஆபத்து. இது சரியா வராதே. எல்லா அலுவலகத்துலயும் சிவப்புதான் ஆபத்து. அதுக்கு ஒரு சுற்றறிக்கையே இருக்கு."

"தங்கத்தோட இயல்பு அது சார். துகள்கள் தள்ளித் தள்ளி இருந்தா சிவப்பாத் தெரியும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டா நீலமாயிடும்."

"ஒட்டிக்க யார் அனுமதி கொடுத்தாங்க?"

தங்கை வாயைத் திறந்தாள். அக்கா அவள் கையை மெதுவாக அழுத்தினார். வாய் மூடிக்கொண்டது.

"சரி," என்றார் அதிகாரி பெரிய மனதோடு. "அடிச்சுப் பார்க்கலாம்."

துண்டை எடுத்து இரும்புத் தட்டில் வைத்தேன். சுத்தியலைத் தூக்கி விதிப்படி மூன்று அடி அடித்தேன். துண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, முத்திரையும் பதியவில்லை. மூன்றாவது அடிக்குப் பிறகு எங்கே என்று தேடினோம். என் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. நீலமாக இருந்தது.

"சார், நீங்க மாத்திரை போடறவரா? இன்னும் சாப்பிடலையா?" என்று கேட்டாள் தங்கை.

காலையில் மாத்திரை போட்டதோடு சரி. மதியம் ஒரு மணி ஆகியும் சாப்பிட விடவில்லை, இந்தப் படிவம். அவள் சொன்ன பிறகுதான் கால் லேசாகத் துவள்வது எனக்கே தெரிந்தது. அக்கா சட்டைப்பையிலிருந்து இரண்டு மிட்டாயை எடுத்து என் வாயில் போட்டார். நாற்காலியில் உட்கார்ந்து உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீலம் மெல்ல ஊதாவாகி, ஊதா மெல்லச் சிவப்பாயிற்று. இருபத்திரண்டு வருஷ சேவையில், உண்மையிலேயே அளக்கும் கருவியை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, கண் கலங்கிவிட்டது.

"சார், வேலை செய்யுது," என்றேன் அதிகாரியிடம்.

"பார்த்தேன். ஆனா வேலை செய்யுதாங்கிறது நம்ம பிரிவு இல்லையே," என்றார். "நம்ம பிரிவு வளையுதா, வளையலையா. இது வளையுது. வளையற கருவியைச் சேதமானதுன்னுதான் எழுதணும்."

"கையில ஒட்டறது வளைஞ்சாதானே சார் ஒட்டும்?" என்றாள் தங்கை.

"அது கையோட குறை."

அப்போதுதான் அதிகாரிக்கு முன்னுதாரணம் ஞாபகம் வந்தது. எங்கள் துறையில் முன்னுதாரணம் கிடைத்துவிட்டால் மோட்சம் கிடைத்த மாதிரி. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு தையல்காரர் அளவு நாடாவைக் கொண்டுவந்திருக்கிறார். அதுவும் வளைந்திருக்கிறது. அப்போது இருந்த அதிகாரி நாடாவை நீட்டி ஒரு மரப்பலகைமீது ஆணியடிக்கச் சொல்லி, பலகைக்கு முத்திரை கொடுத்திருக்கிறார். தையல்காரர் அந்தப் பலகையோடுதான் அளவெடுத்தாரா என்பது பற்றிக் கோப்பில் ஒன்றும் இல்லை.

ஆக, பலகை. ஒரு முழ நீளம், நான்கு விரல் அகலம், கெட்டியான மரம். துண்டைப் பலகையின் மேல்பக்கம் ஒட்டினால் தோலில் படாது. கீழ்ப்பக்கம் ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாது. இதை வைத்து இரண்டு நாள் ஆலோசனை நடந்தது. கடைசியில் பலகையின் நடுவில் சதுரமாக ஒரு ஓட்டை போட்டு, அடியில் துண்டை ஒட்டி, கையோடு சேர்த்து இரண்டு வாரால் கட்டுவது என்று முடிவாயிற்று. ஓட்டைக்கு 'நோக்கு சாளரம்' என்று அதிகாரி பெயர் வைத்தார். கருவிக்கு 'பலகையுடன் கூடிய வியர்வை அளவி' என்று பெயர் வைத்தார். வைத்துவிட்டு அன்று அரை மணி நேரம் முன்னதாகவே வீட்டுக்குப் போனார்.

தங்கைக்கு அழுகை வந்துவிட்டது. "நாலு வருஷம் அக்கா. எவ்வளவு மெல்லிசா பண்ண முடியும்னு நாலு வருஷம் உட்கார்ந்தேன். கட்டையில அடிச்சுத் தர்றாங்க."

"விடு," என்றார் அக்கா. "கட்டை வேணும்னா கட்டையோட போறேன். தூண் வேணும்னாலும் கட்டிக்கிட்டுப் போறேன். எனக்கு வண்டி வேணும்."

பலகையின் ஓரத்தில் மூன்று அடி அடித்து முத்திரை கொடுத்தேன். அழகாகப் பதிந்தது.

பணிமனையில் ஓட்டிக்காட்டச் சொன்னார்கள். துறையின் பிரதிநிதியாக நானும் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். கையில் ஒரு முழப் பலகையைக் கட்டிக்கொண்டு பேருந்தின் சக்கரத்தைத் திருப்புவது எப்படி என்று எனக்கு விளங்கவே இல்லை. அவருக்கும் முதல் இரண்டு நிமிஷம் விளங்கவில்லை. ஒவ்வொரு தடவை இடதுபுறம் திரும்பும்போதும் பலகையின் முனை ஒலிப்பானில் போய் முட்டி, வண்டி ஊளையிட்டது. தெருவே காதைப் பொத்திக்கொண்டது. எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். பரிசோதகர் மட்டும் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது சொன்னார்:

"வளைவுல ஒலி எழுப்பணும்னு இருக்கு. இந்த ஊர்ல அதை ஒருத்தரும் செய்யறதில்லை. இந்தம்மா ஒண்ணு விடாம செஞ்சாங்க."

முழு மதிப்பெண். முப்பதாம் நாள் மாலை அக்கா சட்டையில் அந்த இரண்டு ஓட்டைகளுக்கு மேல் வில்லையைக் குத்திக்கொண்டார். கதை இத்தோடு முடிந்திருந்தால் எல்லோரும் சுகமாக இருந்திருப்போம்.

யாரோ ஒருவர் அவரைப் படம் எடுத்துவிட்டார். ஜன்னல் வழியாக வெயில் விழுகிறது, சக்கரத்தின்மேல் கை, கையில் பலகை, பலகையின் நடுவில் ரத்தினம் பதித்தது போல ஒரு சிவப்பு. படம் ஊரெல்லாம் சுற்றியது. முதல் வாரம் கேலி செய்தார்கள். இரண்டாவது வாரம் 'இது என்ன பலகை' என்று கேட்டார்கள். மூன்றாவது வாரம் 'எங்கே கிடைக்கும்' என்று கேட்டார்கள்.

நான்காவது வாரம் கடைத்தெருவில் பலகைக் கடை வந்துவிட்டது. அலுவலகத்துக்குப் போக ஒரு பலகை, உடற்பயிற்சிக்கு ஒரு பலகை, விருந்துக்கு மெருகு ஏற்றிய பலகை. சாளரம் வட்டமாக இருந்தால் பழைய மோஸ்தர், சதுரமாக இருந்தால் நடப்பு மோஸ்தர், அறுகோணமாக இருந்தால் ஆளைத் தனியாக மதித்தார்கள். கை கொடுக்கும்போது பலகையோடு பலகையை 'டக்' என்று தட்டிக்கொள்வது மரியாதை ஆயிற்று. யாருக்கும் முழங்கையை மடக்க முடியவில்லை. தேநீர்க் கடையில் ஒருவருக்கொருவர் கோப்பையைப் பிடித்து ஊட்டிவிட்டுக்கொண்டார்கள். இதனால் மனிதர்களுக்கிடையே நெருக்கம் கூடியிருக்கிறது என்று ஒரு பத்திரிகை கட்டுரை எழுதியது.

இதில் ஒரு சின்ன விஷயம். ஆய்வுக்கூடத்தில் ஒரு துண்டு செய்யப் பத்து நாள் ஆகும். கடைக்காரர்களால் பத்து நாள் காத்திருக்க முடியுமா? சாளரத்துக்கு அடியில் சிவப்புக் காகிதத்தை ஒட்டிவிட்டார்கள். சிலர் காகிதம்கூட இல்லாமல் நகச்சாயம் பூசினார்கள். வாங்கியவர்களுக்கு அது இன்னும் பிடித்துப் போயிற்று. காலையிலும் சிவப்பு, மாலையிலும் சிவப்பு. எப்போது பார்த்தாலும் நலமாக இருந்தார்கள்.

என் வீட்டிலும் புகுந்துவிட்டது. "என் அண்ணன் வீட்ல எல்லாரும் கட்டியிருக்காங்க. அண்ணி சமையல்கட்டுல கூட கழட்டறதில்லை," என்றாள் என் மனைவி. "முத்திரை அடிக்கிற மனுஷன் வெறுங்கையோட போனா நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"அதுல இருக்கிறது சாயம்டீ."

"சாயமா இருந்தா என்ன, சிவப்பாத்தானே இருக்கு?"

மறுநாளே ஒரு பலகை கட்டிக்கொண்டேன்.

எல்லாப் பலகைக்கும் முத்திரை வேண்டுமே. வரிசை வாசலுக்கு வந்து, வாசலிலிருந்து தெருவுக்குப் போய், தெருவில் திரும்பி மறுபடி வாசலுக்கே வந்தது. ஒரு நாளைக்கு நானூறு அடித்தேன். நேராக நிற்கிறதா, நிற்கிறது. வளைகிறதா, வளையவில்லை. அடி. அடி. அடி. வருஷ முடிவில் கணக்கெடுத்தபோது நாற்பதாயிரம் பலகைகள் இருந்தன. அதில் நிறம் மாறுகிற துண்டு இருந்தவை மூன்று. அதிகாரி இதைப் பார்த்து மிகவும் கவலைப்பட்டார். சுற்றறிக்கை வந்தது.

"பெரும்பான்மையான கருவிகள் நிலையான சிவப்பைக் காட்டி வரும் நிலையில், ஒருசில கருவிகள் மட்டும் அவ்வப்போது நீலம் காட்டுவதாகத் தெரியவருகிறது. இது கருவியின் உறுதியின்மையைக் குறிக்கும். மேற்படி கருவிகளில் உள்ள தேவையற்ற இணைப்பை நீக்கி, உரிய சிவப்பு பூசிக்கொள்ளுமாறு சம்பந்தப்பட்டவர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். பலகையின்றி இணைப்பை மட்டும் உடலில் வைத்திருப்பது குற்றமாகும்."

சம்பந்தப்பட்டவர்கள் மூன்று பேரில் ஒருவர் அக்கா. அவர் பணிமனையிலிருந்து நேராக என் மேசைக்கு வந்து பலகையை வைத்தார்.

"சாயம் பூசுங்க," என்றார்.

"நீங்க எப்படிம்மா அப்புறம்..."

"பூசுங்க சார்."

பூசினேன். துண்டை உரித்து அவரிடமே கொடுத்தேன். அவர் அதை வாங்கி எங்கே வைத்துக்கொண்டார் என்று நான் பார்க்கவில்லை. சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டது மட்டும் தெரிந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் காலை, நேரமாகிவிட்டது என்று மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு ஓடிப்போய்ப் பேருந்தில் ஏறினேன். அக்காவின் வண்டி. நல்ல கூட்டம். எல்லோர் கையிலும் பலகை, ஆகவே நாற்பது பேர் ஏற வேண்டிய வண்டியில் முப்பது பேர்தான் ஏற முடிந்தது. மூன்றாவது நிறுத்தத்தில் எனக்கு வியர்த்தது. நான்காவதில் காது அடைத்தது. கம்பியைப் பிடித்திருந்த கை தானாக நழுவி, இரண்டு இருக்கைகளுக்கு நடுவில் சரிந்தேன். கண் திறக்க முடியவில்லை, ஆனால் பேசுவது கேட்டது.

"யாரோ விழுந்துட்டாரு."

"பலகையைப் பாரு."

"சிவப்பாத்தான் இருக்கு."

"அப்ப நல்லாத்தான் இருக்காரு. இடம் பிடிக்கறதுக்குப் பண்றாரு."

"முத்திரை இருக்கா?"

"இருக்கு. ஒரிஜினல் முத்திரை."

நான் அடித்த முத்திரைதான். என் முத்திரையை நம்பி யாரும் எனக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. நாக்கு புரண்டிருந்தால் 'ஐயா, அது நகச்சாயம்' என்று சொல்லியிருப்பேன். புரளவில்லை. சாகப் போகிறோம் என்று நன்றாகவே தெரிந்தது, பயமாக இருந்தது.

வண்டி ஓரங்கட்டியது. கைப்பிரேக் போடும் சத்தம் கேட்டது. கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டிருக்கிறார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தன் சட்டைக் கைக்குள்ளிருந்து எதையோ உரித்து என் மணிக்கட்டில் ஒட்டினார். பிறகு என் கன்னத்துக்குள் மிட்டாயைத் திணித்தார். கண் திறந்தபோது என் கையில் அந்த நீலம் இருந்தது. சுற்றிலும் முப்பது தலைகள் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தன.

"நீலம் வந்திருக்கா?" என்று கேட்டாள் ஒரு பெண். "எந்தக் கடையில?"

மறுநாள் பணிமனைக்கு ஒரு புகார் போயிற்று. வண்டி எட்டு நிமிஷம் தாமதம். அதன்பேரில் அக்காவுக்கு ஓலை வந்தது. குற்றச்சாட்டு ஒன்று: முத்திரையிட்ட கருவி நலம் என்று காட்டிய ஒரு பயணிக்காகக் காரணமின்றி வண்டியை நிறுத்தியது. குற்றச்சாட்டு இரண்டு: பலகையில்லாத இணைப்பை உடலில் மறைத்து வைத்திருந்தது. விசாரணை எங்கள் அதிகாரியின் அறையில் நடக்கும். சாட்சி: மேற்படி பயணி. அதாவது நான். நிரூபணமானால் வில்லை போகும், மறுபடி குடை.

விசாரணைக்கு முந்தின நாள் உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு மயக்கம் வந்தது உண்மை என்று சொன்னால், என் பலகை தப்பு என்றாகும். என் பலகை தப்பு என்றால் என் முத்திரை தப்பு. என் முத்திரை தப்பு என்றால் நாற்பதாயிரமும் தப்பு. அதைத் துறை தாங்காது. துறை தாங்காததை உண்மை என்று ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். மயக்கம் வரவில்லை என்று சொன்னால் எனக்கு ஒன்றும் ஆகாது, அக்காவுக்கு வண்டி போகும். எனக்கு உயிரைக் கொடுத்தவருக்கு நான் குடையைக் கொடுக்க வேண்டும். அன்றைக்கு என்மேல் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. எழுந்து போய் விதிப் புத்தகத்தை எடுத்து மறுபடி முதலிலிருந்து படித்தேன். பிறகு அறைக் கதவைச் சாத்தினேன். என் பலகையைக் கழற்றி இரும்புத் தட்டில் வைத்தேன். சுத்தியலை எடுத்தேன்.

விசாரணையில் அதிகாரி கேட்டார், "உங்க பலகை சிவப்பு காட்டியிருக்கு. அப்படியிருக்க நீங்க மயங்கினது ஏன்?"

"சார், வண்டி ஏறின நெரிசல்லயே பலகை விரிசல் விட்டுடுச்சு. இதோ." பையிலிருந்து எடுத்து வைத்தேன். நடுவில் நன்றாக மடங்கியிருந்தது. "வளைஞ்ச கருவி சேதமான கருவி. சேதமான கருவி கருவியே இல்லை. விதி நாற்பத்தொன்று. ஆகவே அந்த நேரத்துல என்கிட்ட முத்திரையிட்ட கருவி எதுவும் இல்லை. கருவி இல்லாதவன் மயங்கலாம். தடை எதுவும் இல்லை."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. அவ்வளவு மலர்ச்சியை நான் நோக்கு சாளரத்துக்குப் பெயர் வைத்த அன்றுகூடப் பார்க்கவில்லை.

"அப்ப ரெண்டாவது? அந்த இணைப்பு?"

நான் பழைய கோப்பை நீட்டினேன். "தடிமன் பூஜ்யம்னு நீங்களே உங்க கையால எழுதியிருக்கீங்க சார். தடிமன் இல்லாத பொருள் இருக்க முடியாது. இல்லாத பொருளை எப்படி மறைச்சு வைக்க முடியும்?"

அவர் தன் கையெழுத்தைப் பார்த்தார். அதை மீற அவரால் முடியாது. இரண்டு குற்றச்சாட்டும் தள்ளுபடி. தங்கை வாசலில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சிரித்தாள். அக்கா என் அருகில் வந்து, "நாளைக்குச் சாப்பிட்டுட்டு வண்டி ஏறுங்க," என்றார். போகும்போது என் கையில் ஒரு தபால் உறையை வைத்துவிட்டுப் போனார். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது.

நான் கெட்டிக்காரன் என்று அன்று மாலை வரை நினைத்துக்கொண்டிருந்தேன். மாலையில் சுற்றறிக்கை வந்தது.

"அண்மையில் தெளிவுபடுத்தப்பட்டபடி, நல்ல நிலையில் உள்ள பலகை கட்டியிருப்பவர் நோயுற இயலாது. ஆகவே நோயுற விரும்புவோர் முதற்கண் தமது பலகையுடன் முத்திரை அலுவலகத்துக்கு நேரில் வந்து, சுத்தியல் பணியாளர் முன்னிலையில் மூன்று அடிகளால் அதனை முறைப்படி சேதப்படுத்திக்கொண்டு, அதன்பின் நோயுறலாம்."

மருத்துவமனைகளும் இதையே பிடித்துக்கொண்டன. உடைந்த பலகை இல்லாமல் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். இப்போது என் மேசைக்கு இரண்டு வரிசை. வலதுபுறம் புதுப் பலகைக்கு முத்திரை வாங்க வந்தவர்கள். இந்த வருஷம் எல்லாம் நீலம்தான் அதிகம், நல்ல பளபளப்பான நீலம். இடதுபுறம் உடைக்க வந்தவர்கள். இருமுகிறவர், சுவரில் சாய்ந்து நிற்பவர், தரையில் உட்கார்ந்துவிட்டவர். ஒருவரும் சண்டை போடுவதில்லை. முன்னால் நிற்பவரின் சாளரம் அறுகோணமா, சதுரமா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு பொறுமையாக நிற்கிறார்கள்.

மூன்றாவது அடி எதற்கு என்று எனக்கு இப்போது தெரிந்துவிட்டது. நல்ல மரம் இரண்டு அடியில் உடைவதில்லை.

என் சட்டைக் கைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள், அதற்குத் தடிமன் இல்லை. அடிக்கடி சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்துக்கொள்கிறேன். சிவப்பாக இருந்தால் அடிக்கிறேன். நீலமானால் பையிலிருந்து மிட்டாயை எடுத்துப் போட்டுக்கொண்டு, பிறகு அடிக்கிறேன்.

அடுத்தவர் வாங்க. என்ன, தலை சுத்துதா? நிக்க முடியலையா? கொஞ்சம் பொறுங்க, இதோ ஆயிடுச்சு. அந்தப் பலகையை முதல்ல மேசை மேல வைங்க.